கரியாலூரில் யார் ஆடுவது?

கல்வராயன் மலையின் கரியாலூர் பெரும்பாலும் இரண்டு வகைச் செய்திகளில்தான் நாளிதழ்களில் இடம்பெறுகிறது. கோடை விழா நடந்தால் ஒருமுறை. மலையில் சாராய ஊறல் அழிக்கப்பட்டால் இன்னொரு முறை. இவ்விரண்டிலும் சேராத ஒரு சிறிய செய்தியை முன்னிட்டு இக்கட்டுரையை எழுதுகிறோம். மலையிலிருந்து இறங்கிவந்து சமவெளிக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் சிலர் வரும் விடுமுறையில் கரியாலூரில் ஒரு லேன் பார்ட்டி நடத்த விரும்புகிறார்கள். பல கணிப்பொறிகளை ஒரே அறைக்குக் கொண்டுவந்து, கம்பியாலோ ரவுட்டராலோ பிணைத்து, பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஒருவரோடொருவர் ஆடுவதற்குத்தான் இந்தப் பெயர். அவர்களுக்கு உதவ முன்வந்த நகரத்து அன்பர்கள், என்னென்ன விளையாட்டுகள் என்று ஒரு பட்டியலையும் வகுத்துத் தந்திருக்கிறார்கள். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்று நான்கு. 'இவை இல்லையென்றால் யார் வருவார்கள்?' என்பது அவர்கள் கேள்வி.

அந்தப் பட்டியல் தவறானது என்பது நம் கட்சி. எது சிறந்த விளையாட்டு, எது மட்டமானது என்ற வழக்கு இங்கு இல்லை. அந்த நான்கையும் வைத்துக்கொண்டால் கரியாலூர் அறையில் பாதிப்பேர் ஆடமாட்டார்கள், பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பட்டியல் வகுத்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் சிலர் வியக்கக்கூடும். தொல்காப்பியம் உவகை பிறக்கும் இடங்களை எண்ணும்போது விளையாட்டையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது. அது ஒருபுறம் இருக்கட்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது, யார் சொல்லி விடுவது என்ற கேள்விதான் தொகைநூல் தொடங்கிப் பாடத்திட்டக் குழு வரை நம் துறையின் தலையாய கேள்வி. அதே கேள்வி இப்போது ஒரு மலையூரில், கணிப்பொறி விளையாட்டின் உருவில் எழுந்திருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

*

முதலில் பட்டியலின் குறையைச் சொல்லிவிடுவோம்.

லேன் என்பது வெளியுலகத் தொடர்பு வேண்டாத வலை. இருபது கணிப்பொறிகளையும் ஒரு சுவிட்சையும் சில மீட்டர் கம்பியையும் வைத்துக்கொண்டு, இணையமே எட்டாத ஊரில் ஆடலாம். அதுதான் அதன் சிறப்பு. 1993 டிசம்பரில் 'டூம்' வெளிவந்தபோது, அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் கோப்புகளைப் பகிர்வதற்காக இழுத்திருந்த கம்பிகளிலேயே ஆட்கள் ஒருவரையொருவர் வேட்டையாடத் தொடங்கினார்கள். பிறகு வந்த 'கவுண்டர் ஸ்ட்ரைக்'கை நம் ஊர்ப் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய தலைமுறை இன்று நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கடைகளில் பலவற்றில் இணையம் மந்தம். ஆனால் உள்வலையில் விளையாட்டு பறந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை வீழ்ந்தபின் விளையாட்டு செல்பேசிக்குக் குடிபெயர்ந்தது. ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கினார்கள்.

இப்போது அந்த நான்கையும் பார்ப்போம். பிஜிஎம்ஐயை ஒரே பாயில் தோளோடு தோள் உரசி அமர்ந்து ஆடினாலும், ஒவ்வொரு அசைவும் நிறுவனத்தின் வழங்கிக்குப் போய்த்தான் பக்கத்திலிருப்பவனுக்குத் திரும்பிவரும். ஃப்ரீ ஃபயர் மேக்ஸும் அப்படியே. வாலரண்ட்டும் அதை நடத்தும் நிறுவனத்தின் வழங்கி இல்லாமல் இயங்காது. அத்தோடு அதன் காவல் மென்பொருள் விண்டோஸ் 11 கணிப்பொறியில் குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 தன் பங்குக்கு 85 ஜிபி இடம் கேட்கிறது. கல்வராயன் மலையின் சிற்றூர்கள் பலவற்றில் செல்பேசி அலை பிடிக்க மேட்டில் ஏறி நிற்கவேண்டிய நிலைமை. அங்கே 85 ஜிபியை யார், எத்தனை நாளில் இறக்குவது? அலை வந்து வந்து போகும் இடத்தில், ஆட்டத்தின் நடுவே அறை முழுவதும் ஒரே நேரத்தில் தோற்றுப்போனால் யார் வென்றதாகக் கணக்கு?

ஆக, லேன் பார்ட்டிக்கென்று வகுத்த பட்டியலில் மூன்று லேனில் ஆடவே முடியாதவை. நான்காவது, வந்திருக்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் ஏறாது. கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பதைப் போன்ற வேலை இது.

*

'கூட்டம் வேண்டாமா?' என்பது அன்பர்களின் முதல் வாதம். பிரபலமானவற்றை வைத்தால்தான் இளைஞர் திரள்வார்கள் என்கிறார்கள்.

பிரபலம் என்பது எங்கே, யாருக்கு என்று நாம் கேட்கிறோம். தனி கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணிப்பொறியும் அறுபடாத இணையமும் உள்ள வீட்டுப் பையனுக்குப் பிரபலமானது, அவை இல்லாத வீட்டுப் பெண்ணுக்குப் பெயரளவில் தெரிந்தது மட்டுமே. தமிழக அரசு 2011 முதல் பல ஆண்டுகள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கணினி வழங்குவதாக அறிவிப்பு வந்தது. கரியாலூருக்கு வரப்போகும் கருவிகள் இத்தகையவை. படிப்புக்காகத் தரப்பட்டவை, தனி கிராபிக்ஸ் கார்டு அற்றவை. அக்காள் படித்து முடித்துத் தம்பிக்குக் கைமாறிய பழைய பெட்டிகளும் அவற்றில் இருக்கும். இவற்றை ஒதுக்கிவிட்டு நகரத்திலிருந்து நான்கைந்து உயர்ரகக் கணிப்பொறிகளை வேனில் ஏற்றிக் கொண்டுவருவது ஒரு வழி. அப்படிச் செய்தால் அந்த ஐந்தில் ஐந்துபேர் ஆடுவார்கள், ஐம்பதுபேர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். கூட்டம் சேர்ந்ததாகப் புகைப்படத்தில் தெரியும். ஆடியவர் எத்தனை பேர் என்பது புகைப்படத்தில் தெரியாது.

பிஜிஎம்ஐ வகை ஆட்டத்தின் அமைப்பிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நூறுபேர் இறங்கி ஒருவரோ ஒரு குழுவோ எஞ்சும்வரை அரைமணி நேரம் நடக்கும் ஆட்டம் அது. புதிதாக வருகிறவன்தான் முதலில் வீழ்வான். இணையத்தில் என்றால் அவன் அடுத்த ஆட்டத்துக்குத் தாவிவிடலாம். ஓர் அறையில், எல்லோரும் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில், முதல் நிமிடத்தில் வீழ்ந்தவன் மிச்ச நேரம் முழுவதும் சும்மா உட்கார வேண்டும். நன்றாக ஆடத் தெரிந்தவனுக்கே அதிக நேரம் ஆடக் கிடைக்கிறது. பழகவேண்டியவனுக்குக் குறைவாகக் கிடைக்கிறது. வகுப்பறையில் பலகாலம் நின்றவர்கள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வோம். கடைசி வரிசையைக் கடைசி வரிசையிலேயே நிறுத்திவைக்க இதைவிடச் செம்மையான ஏற்பாடு கிடையாது.

*

இரண்டாம் வாதம் இன்னும் பெரிய குரலில் வருகிறது. 'இவையெல்லாம் இன்று பதக்க விளையாட்டுகள். மலை மாணவர்களுக்கு அந்த வாசலைத் திறந்துவிட வேண்டாமா?'

நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த வாசலின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டு முதன்முறையாகக் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. அதில் 'ஹார்த்ஸ்டோன்' என்னும் சீட்டாட்ட வகை விளையாட்டில் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். அடுத்து, 2022-க்குரிய ஹாங்சோ போட்டிக்கு மின்விளையாட்டு முழுப் பதக்கப் பிரிவாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் ஹார்த்ஸ்டோனும் இருந்தது. பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளி 2023-இல் போட்டி நடந்தபோது அது பட்டியலில் இல்லை. அதை உருவாக்கிய அமெரிக்க நிறுவனத்துக்கும் சீனாவில் அதை நடத்திவந்த நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2023 ஜனவரியில் முடிந்துபோனது. சீனாவில் வழங்கி நின்றது. போட்டியிலிருந்து விளையாட்டு நீங்கியது. எட்டு ஏழானது. ஆண்டுக்கணக்கில் அதில் பயின்றவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அதே ஹாங்சோவில் பப்ஜி மொபைலும் இருந்தது. ஆனால் அது நம் பையன்கள் அறிந்த பப்ஜி அன்று. ஆளை ஆள் சுடுவதை நீக்கிவிட்டு, வாகனத்தில் விரைந்து இலக்குப் பலகைகளைச் சுடும் ஆட்டமாக அதை மாற்றி அமைத்திருந்தார்கள். ஓட்டப் பந்தயத்தை ஒரு நிறுவனம் தன் விருப்பப்படி மாற்ற முடியுமா? கபடிக்கு உரிமம் முடிந்துவிட்டது என்று யாரேனும் அறிவிக்க முடியுமா? இவ்விளையாட்டுகளில் முடியும், முடிந்தது.

நம் நாட்டு அனுபவமும் இதுதான். 2020 செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளோடு பப்ஜி மொபைல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து மீண்டும் காணாமல் போனது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. இடையில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடைப்பட்டது. அதன் மேக்ஸ் பதிப்பு மட்டும் தப்பியது. தடை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. ஒன்றை மட்டும் குறிப்போம். ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோயில் மண்டபத் தரையில் கீறிய கோடுகள் நூற்றாண்டுகள் கடந்தும் கிடக்கின்றன. மூன்று புலி, பதினைந்து ஆடு. யார் வேண்டுமானாலும் கல்லெடுத்து வைத்து ஆடலாம். நிறுவனத்தின் வழங்கியில் மட்டும் உயிர்வாழும் விளையாட்டு, ஒரு மாலையில் வரும் அறிவிப்போடு முடிந்துவிடக் கூடியது. அப்படிப்பட்டதை ஒரு மலையூரின் முதல் கூடுகைக்கு அடித்தளமாக்குவது விவேகமாகாது.

மத்திய அரசு 2022 டிசம்பரில் மின்விளையாட்டை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவந்ததும், 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டைத் தடுத்து மின்விளையாட்டைத் தனியே பிரித்து அங்கீகரித்ததும் வரவேற்கத்தக்கவை. அவற்றால் நாளை வாய்ப்புகள் வரலாம். ஆனால் பதக்கம் பயிற்சியின் கடைசிப் படியில் இருப்பது. முதல் படியில் நிற்பவனுக்குக் கருவியைத் தொட்டுப் பழகும் நேரம் வேண்டும். அந்த நேரத்தை எந்தப் பட்டியல் அதிகம் பேருக்குத் தருகிறதோ அதுவே நல்ல பட்டியல்.

*

எதிர்ப்புறத்திலிருந்தும் ஒரு குரல் கேட்கிறது. அதற்கும் விடைசொல்லியாக வேண்டும். 'கணிப்பொறி விளையாட்டே கேடு. மலைப்பிள்ளைகளுக்கு இதைக் கொண்டுபோய்க் கற்றுத்தர வேண்டுமா? பல்லாங்குழியும் தாயமும் ஆடட்டும். பண்பாடும் நிலைக்கும்.' நம் துறைசார் நண்பர்களிடமிருந்தே இக்குரல் வருவது வருத்தத்துக்குரியது.

சொல்லுகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள் எதில் ஆடுகிறார்கள் என்று நாம் கேட்கப்போவதில்லை. சமவெளியில் இருப்பவன் புதியதை எல்லாம் துய்த்துக்கொண்டு, மலையில் இருப்பவன் பழையதைக் காத்துத் தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது பண்பாட்டுப் பற்று அன்று. பிறரைக் காட்சிப் பொருளாக நிறுத்துவதற்கு அது ஒரு நாகரிகமான பெயர். கரியாலூர் மாணவர்களுக்குத் தங்கள் ஊர் ஆட்டங்கள் தெரியும். அவற்றை நாம் போய்க் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்கள் கேட்டது லேன் பார்ட்டி.

போர் விளையாட்டு என்பதற்காகவே ஒன்றை விலக்கவேண்டும் என்ற கருத்தும் நமக்கு இல்லை. புறத்திணையை வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்துகிறவர்கள் போரைக் கண்டு முகம்சுளிப்பது பொருந்தாது. ஆநிரை கவர்தலும் மீட்டலும் மதில் முற்றுகையும் நம் இலக்கணத்தில் வரிசையாக வைக்கப்பட்ட துறைகள். போரை எப்படிக் காட்டுகிறது, ஆடுகிறவனைச் சிந்திக்க விடுகிறதா, வெறும் விரல்வேகத்தை மட்டும் கேட்கிறதா என்று விளையாட்டுக்கு விளையாட்டு தனித்தனியே பார்த்துத்தான் சொல்லவேண்டும். மொத்தமாகத் தள்ளுவதும் மொத்தமாகக் கொள்ளுவதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள்.

*

அப்படியானால் எப்படித் தேர்வது? இங்கே நம் தொகைநூல்களிடம் ஒரு பாடம் இருக்கிறது.

அகப்பாடல்களைத் தொகுத்தவர்கள் முன்னால் குவிந்துகிடந்த பாடல்கள் பல. 'எனக்குப் பிடித்தது', 'அரசனுக்குப் பிடித்தது', 'ஊரில் பெயர்பெற்ற புலவர் பாடியது' என்று அவர்கள் பிரித்திருக்கலாம். ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் நூல்கள் காட்டும் ஒழுங்கு வேறு. நான்கடி முதல் எட்டடி வரை குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. சிற்சில விலக்குகளைத் தவிர்த்தால் அளவுகோல் யாரும் எண்ணிப் பார்த்துச் சரிபார்க்கக் கூடியது. அகநானூற்றைத் தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்றும், தொகுத்தவர் உருத்திரசன்மர் என்றும் இரு பெயர்களையும் மரபு தனித்தனியே குறித்து வைத்திருக்கிறது. பொருள் கொடுத்தவன் வேறு, தேர்ந்தவர் வேறு. இவ்வொழுங்கின் பயனாக, ஒரேயொரு பாட்டுப் பாடியவரும் கபிலருக்கும் பரணருக்கும் பக்கத்தில் அமர்ந்தார். இயற்பெயர்கூடத் தெரியாமல், தம் பாட்டின் சொல்லாலேயே செம்புலப்பெயனீரார் என்று பெயர்பெற்றவர் இன்று உலகறிந்த தமிழ்ப் புலவர். புகழை அளவுகோலாக வைத்திருந்தால் அவர் தப்பியிருப்பாரா என்பது ஐயமே.

பட்டியலுக்கு முன் விதி வேண்டும் என்பதே இதன் பாடம். கரியாலூருக்கு நாம் ஐந்து விதிகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: வெளி இணையம் முற்றாக அறுந்தாலும் ஆட்டம் நடக்கவேண்டும்.

இரண்டு: அறைக்கு வரும் கணிப்பொறிகளில் மிகவும் வலுக்குறைந்ததில் அது ஓடவேண்டும். உயர்ந்ததில் எப்படி ஓடுகிறது என்ற கேள்வி இங்கு எழவேண்டாம்.

மூன்று: படியெடுத்துக் கொடுப்பது சட்டப்படி செல்லவேண்டும். திருட்டுப் படியை ஆசிரியர்களும் பெரியவர்களும் முன்னின்று பரப்புவது கூடாது. மாணவன் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று ஆடும் உரிமையும் அவனுக்கு வேண்டும்.

நான்கு: புதியவர் கால்மணி நேரத்தில் கற்று ஆடத் தொடங்க வேண்டும், தோற்றவர் நெடுநேரம் சும்மா உட்காரக் கூடாது.

ஐந்து: பக்கத்தில் இருப்பவரோடு பேசினால் பயன் கிடைக்கும் ஆட்டமாக இருக்கவேண்டும். பேச்சே வேண்டாம் என்றால் மலையேறி ஓர் அறையில் கூடுவது எதற்கு?

இவ்விதிகளை வைத்துக்கொண்டு தேடினால் கட்டற்ற மென்பொருள் உலகம் கைகொடுக்கிறது. 'சூப்பர்டக்ஸ்கார்ட்' என்ற வண்டிப் பந்தயம் ஒரு ஜிபிக்கும் குறைவான அளவு. ஐந்து நிமிடத்தில் கற்கலாம். ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். உள்வலையிலும் ஆடலாம், ஒரே திரையைப் பிரித்து இருவரும் ஆடலாம். 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' முறைவைத்துக் காய்நகர்த்தும் போர். சதுரங்கத்தின் உறவினர் எனலாம். விரல்வேகம் தேவையில்லை, கணிப்பொறி போதாவிட்டால் ஒன்றிலேயே மாறி மாறி அமர்ந்து ஆடலாம். முன்பு மைன்டெஸ்ட் என்று வழங்கி 2024-இல் 'லுவாண்டி' என்று பெயர் மாறிய கட்டுமான விளையாட்டில் வெற்றி தோல்வியே வேண்டாம். இருபதுபேர் சேர்ந்து ஒரே நிலத்தில் வீடும் வாய்க்காலும் கட்டலாம். கரியாலூரையே கட்டிப் பார்க்கலாம்.

நான்காவதாக '0 ஏ.டி.'. பெரும்படை திரண்டால் வலுக்குறைந்த கணிப்பொறி திணறும் என்பதால் சிறிய வரைபடத்தில், படையின் எண்ணிக்கைக்கு வரம்பிட்டு ஆடவேண்டும். ஆனால் தமிழ் படித்தவர்களுக்கு அதில் ஒரு தனிச் சுவை உண்டு. கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளை அது களமாகக் கொண்டது. உரோமரும் கார்த்தேஜியரும் மௌரியரும் அதில் இருக்கிறார்கள். அசோகனின் கல்வெட்டு பெயர்சொல்லிக் குறிக்கும் சோழரும் பாண்டியரும் சேரரும் இல்லை. நிறுவன விளையாட்டாக இருந்தால் மனு எழுதிக் காத்திருக்க வேண்டும். இது கட்டற்ற மென்பொருள். நிரல் அறிந்த மாணவர் நால்வரும் புறநானூறு அறிந்த மாணவர் ஒருவரும் சேர்ந்தால் மூவேந்தரை உள்ளே கொண்டுவரலாம். ஆடுகிறவன் ஆக்குகிறவனாகும் வாசல் என்று நாம் கருதுவது இதைத்தான். பதக்க வாசலைவிட இது அகலமானது; சாவியும் நம் கையில் இருக்கிறது.

நான்கையும் ஒரு 16 ஜிபி பென்டிரைவில் அடக்கி மலைக்கு எடுத்துச் செல்லலாம்.

விதி என்றால் அது நம் விருப்பத்தையும் வெட்டவேண்டும். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டில் 2022-இல் வந்த கூடுதல் பகுதி திராவிடர் என்ற பெயரில் ஓர் அணியைச் சேர்த்தது. உருமி வீசும் வீரரும் இராஜேந்திர சோழனின் படையெடுப்பும் அதில் உண்டு. தமிழாசிரியர் எவருக்கும் கை துறுதுறுக்கும். ஆயினும் அது ஆளுக்கொரு படி விலைகொடுத்து வாங்கவேண்டியது. பழைய மடிக்கணினிகளுக்குச் சுமையானது. இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் அதை வெளியே நிறுத்துகின்றன. நிறுத்தட்டும்.

*

'பெயரே கேள்விப்படாத விளையாட்டுகளுக்கு யார் வருவார்?' என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் அரைமணி நேரம் 'பிஜிஎம்ஐ இல்லையா?' என்ற முணுமுணுப்பு எழத்தான் செய்யும். ஆனால் பெயர் தெரியாத விளையாட்டில் ஒரு நன்மை இருக்கிறது. அதில் யாருமே முன்பே கைதேர்ந்தவர்கள் அல்லர். நகரத்திலிருந்து வரும் பையனும் மலையிலிருந்து வரும் பெண்ணும் ஒரே கோட்டில் தொடங்குவார்கள். ஆடத் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்களே கணிப்பொறிகளைப் பிடித்துக்கொண்டு, பெண்கள் சுவரோரம் நிற்கும் காட்சி கல்லூரிக் கணிப்பொறிக் கூடங்களில் நாம் அடிக்கடி காண்பது. அதை உடைக்க அறிவுரையைவிடச் சமமான தொடக்கமே உதவும்.

இவ்வளவு சிறிய காரியத்துக்கு இவ்வளவு வாதமா என்று கேட்பவர்கள் இந்த மலையின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகளுக்குப் பிறகு, 1976-இல்தான் கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆளுகை முடிவுக்கு வந்தது. அதுவரை மலையாளிப் பழங்குடி மக்கள் எந்த நிலத்தில் உழைப்பது, யாருக்கு எத்தனை நாள் கூலியின்றி உழைப்பது என்பதை வேறொருவர் முடிவுசெய்தார். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானபின், சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அப்போதுதான் சாலையும் மருத்துவமும் பள்ளியும் அங்கு எவ்வாறு உள்ளன என்று சமவெளி கேட்கத் தொடங்கியது. சாராயத்தின் பக்கவிளைவாகத்தான் அந்த மலை நம் கவனத்துக்கு வந்தது என்பது நமக்கு வெட்கம் தரவேண்டிய செய்தி.

இத்தகைய ஓரிடத்துக்கு மேலிருந்து வகுத்த பட்டியல்கள் ஏற்கெனவே நிறைய. அவற்றோடு விளையாட்டுப் பட்டியலும் ஒன்று சேரவேண்டாம் என்பதே நம் கவலை. நாம் மேலே சொன்ன நான்கும்கூட வெறும் பரிந்துரைகள். விதிகளை ஒட்டி மாணவர்களே தேர்ந்து, நம் நான்கையும் நீக்கிவிட்டு வேறு நான்கை வைத்தால் நமக்கு மறுப்பில்லை. பிஜிஎம்ஐதான் வேண்டும் என்று, தங்கள் கருவிகளையும் தங்கள் ஊர் அலையையும் எண்ணிப் பார்த்தபின் அவர்களே முடிவுசெய்தால், அதுவும் அவர்கள் உரிமை. உதவ வருகிற அன்பர்கள் உக்கிரப்பெருவழுதியின் இடத்தில் இருக்கட்டும். சுவிட்சும் கம்பியும் வாங்கித் தரட்டும். மின்சாரம் நின்றால் தாங்க ஒரு ஜெனரேட்டருக்கு ஏற்பாடு செய்யட்டும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்கள் பாதுகாப்பாக ஊர்போய்ச் சேர வண்டி அமர்த்தட்டும். தொகுப்பது மலையேறி மடிக்கணினியைச் சுமந்து வருகிறவர்களின் வேலை.

கூடுகை முடிந்தபின் எத்தனைபேர் வந்தார்கள் என்று யாரும் எண்ணவேண்டாம். ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மிகக் குறைவாக ஆடியவர் யார், ஏன் என்பதற்கு விடை கிடைத்தால் அடுத்த ஆண்டுப் பட்டியல் தானாக உருவாகிவிடும். நம் கட்சியை மறுப்பவர்களும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறுக்கட்டும்.